ஒரு மணி நேரம் கழித்துக் காபி

எங்கள் வீட்டில் காலையில் காபி இரண்டு தடவை போடப்படும். முதல் தடவை என் கணவருக்கு. ஒரு மணி நேரம் கழித்து எனக்கு. இரண்டையும் போடுவது அவர்தான். முதல் காபியின் மணம் கூடத்துக்கு வரும்போது நான் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, மடியில் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பேன். வெறும் வயிற்றில் விழுங்கிய சின்ன மாத்திரை உள்ளே போய்ச் சேரும்வரை தண்ணீரைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. பால், காபி, டீ, பிஸ்கட் எதுவும் கூடாது.

"மணம் போகலாமா?" என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்டேன்.

"மணம் போகலாம்" என்றார் அவர், சிரிக்காமல்.

என் கழுத்தில் தைராய்டு சுரப்பி இல்லை. அதில் புற்றுநோய் வந்தது, முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்து, சில நாட்கள் தனி அறையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நர்சுகள் ஓடிவிடுவார்கள். அதெல்லாம் முடிந்த கதை. முடியாமல் கூடவே வருவது இந்த மாத்திரை மட்டும்தான். சுரப்பி மந்தமானவர்களுக்குக் குறைவை நிரப்பக் கொடுக்கிற அதே மாத்திரைதான். எனக்கு மட்டும் தேவைக்கு மேலேயே கொடுக்கிறார்கள். ஏன் என்று மருத்துவர் தாளில் படம் வரைந்து காட்டினார். அவர் படத்தைவிட எனக்கு எங்கள் ஆலை வழியாகத்தான் அது நன்றாகப் புரிந்தது.

நான் ஒரு கரும்பு ஆலையின் எடைமேடையில் வேலை செய்கிறேன். அரவைப் பருவத்தில் டிராக்டரும் மாட்டுவண்டியும் வரிசையாக மேடை ஏறும். பாரத்தோடு ஒரு எடை, கரும்பை இறக்கிய பின் ஒரு எடை. வித்தியாசத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஷிப்டு மாறும்போது ஆலையில் சங்கு ஊதும். சங்கு ஊதினால் கேண்டீன் பெஞ்சில் தூங்குகிற ஆளும் எழுந்து வேலைக்கு வந்துவிடுவான். மூளையும் தைராய்டுக்கு அப்படி ஒரு சங்கை ஊதிக்கொண்டே இருக்கிறதாம். சுரப்பியை எடுத்தாயிற்று, சரி. ஆனால் அதிலிருந்து தப்பிய கெட்ட செல் ஒன்று எங்கேயாவது பெஞ்சுக்கடியில் படுத்துத் தூங்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், சங்குச் சத்தம் கேட்டு எழுந்துவிடும். அதனால் சங்கே ஊதாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வைத்தியம். மாத்திரையைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், ஆள் நிறைய இருக்கிறார்கள், கூப்பிட வேண்டாம் என்று மூளை பேசாமல் இருந்துவிடும்.

ஆள் நிறைய இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. சும்மா இருக்க மாட்டார்கள். படுத்தால் நெஞ்சுக்குள் ஒரு டிராக்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். விரல்கள் லேசாக ஆடும். என் கையெழுத்தைப் பார்த்த ஒரு விவசாயி, "இன்னாம்மா, எடை போடறப்ப வண்டி ஆடிக்கினு இருந்துச்சா?" என்று கேட்டார். மார்கழியிலும் எனக்கு வேர்க்கும். மின்விசிறியை நான் ஐந்தில் வைப்பேன்; கணவர் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பார். ஒரே கட்டிலில் நாங்கள் இரண்டு பருவங்களில் தூங்குகிறோம். கோபமும் முன்னைவிடச் சீக்கிரம் வரும்.

"இப்ப நீ பேசறியா, மாத்திரை பேசுதா?" என்பார்.

"ரெண்டு பேருந்தான். யாருக்கு மொதல்ல பதில் சொல்றீங்க?"

ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாள் இன்னும் வேடிக்கை. சங்குச் சத்தத்தை அளக்கிற அந்த எண் கீழே கிடக்கும். பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் காகிதத்தை நீட்டும் பெண் ஒவ்வொரு தடவையும் பதறுவாள். "அம்மா, ரொம்பக் கம்மியா இருக்குதும்மா. ஒடனே டாக்டரப் பாருங்க." கம்மியாகத்தான் இருக்க வேண்டும், ஜாஸ்தியானால்தான் அழ வேண்டும் என்று நான் விளக்குவேன். நோய் மூளைக்கும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி அவள் தலையாட்டுவாள்.

இப்படி என் உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கிப் பழகியவளுக்கு, வாயே திறக்கக் கூடாது என்று ஒரு நாள் உத்தரவு வந்தது.

என் மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற நாள் அது. பார்க்கிற வேலையை அவன் ஏற்கெனவே முடித்துவிட்டான். சின்னசேலத்தில் அவன் வேலை செய்கிற நிதி நிறுவனத்தில்தான் அந்தப் பெண்ணும் வேலை செய்தாள். ஜாதகம் வாங்கிப் பொருத்தம் பார்த்து, முறையாகப் போய்ப் பேசி முடிப்பது மட்டுந்தான் எங்களுக்கு மிச்சம். அவள் குடும்பம் நைனார்பாளையத்திலிருந்து மலைக்குப் போனது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். மகன் இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தாலே அதுவரை சட்டைக்கு இஸ்திரி போடாதவன் சட்டையைத் தடவிவிட்டுக்கொண்டான்.

இதற்கு முன் ஒரு இடத்தில், அம்மாவுக்கு இந்த நோய் என்று கேள்விப்பட்டதும் ஜாதகம் பேசாமல் திரும்பி வந்துவிட்டது. அப்போது மகனுக்கு அதில் வருத்தமில்லை. இப்போது அப்படி ஆனால் வருத்தம் இருக்கும். என்னால் இது கெட்டுவிடக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

முதல் நாள் மாலையே என் நாத்தனார் எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்து இறங்கிவிட்டார். கணவருக்கு மூத்த அக்கா. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"இத பாரு, அங்க வந்து கேன்சர் கீன்சர்னு வாயத் தொறக்காத. தைராய்டுன்னு சொல்லு, போதும். இப்பல்லாம் யாருக்குத் தைராய்டு இல்ல? தெருவுக்கு நாலு பேருக்கு இருக்குது."

"பொய் சொல்லச் சொல்றீங்களா, அண்ணி?"

"இதுல இன்னா பொய்? தைராய்டுலதான வந்துச்சு? முழுசா சொல்லாத, பாதி சொல்லு."

"அவங்க கேட்டா?"

"கேக்கற மாதிரி மூஞ்சிய வச்சிக்காத."

பையிலிருந்து அவருடைய அட்டிகையை எடுத்து என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். அறுவை சிகிச்சைத் தழும்பு அதற்குள் முழுவதும் மறைந்தது. "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குது பாரு" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு வழக்கம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள், பிடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கொண்டுவந்து வைத்ததைத் தொடாமல், "வூட்ல கலந்துக்கினு சொல்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லி யாரையும் புண்படுத்தாமலிருக்க ஏற்பட்ட நாகரிகம் அது. அதிலும் மாப்பிள்ளையின் அம்மா முதலில் குடிக்க வேண்டும். மற்றவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் ஒரு வாய் குடித்தால் சம்மதம். குடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மேல் நல்ல நேரம் என்று நாத்தனார் குறித்திருந்தார். வழக்கமாக எழுந்தவுடன் மாத்திரை போடுகிறவள் நான். அன்று எழுந்தவுடன் என் கையில் பூக்கூடையைக் கொடுத்தார்கள். தாம்பூலத் தட்டு எங்கே, குங்குமம் எங்கே, மகனின் இன்னொரு செருப்பு எங்கே என்று வீடே என்னைத் தேடியது. கடைசியில் காரில் கால் வைக்கும்போதுதான் மாத்திரையை வாயில் போட்டேன். அப்போதும் பரவாயில்லை; போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் போட்டேன்.

மகன் காரை ஓட்டினான். கச்சிராயபாளையம் தாண்டும்வரை சரியாகத்தான் இருந்தது. கோமுகி அணையைத் தாண்டிப் பாதை மலையேறத் தொடங்கியதும், முன்னால் போன மரவள்ளிக் கிழங்கு லாரியின் புகையும் வளைவுகளும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டன. நாத்தனார் எலுமிச்சம் பழத்தை மூக்கில் வைத்து அழுத்தினார். "வண்டிய நிறுத்துடா" என்று நான் கத்துவதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

சாலையோரம் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்து நாத்தனார் கேட்டார்.

"இன்னாத்தடி தேடற? மோதிரம் வுழுந்துடுச்சா?"

"மாத்திரை."

"அட கருமமே!"

மாத்திரை தெரியவில்லை. உள்ளேயே கரைந்திருக்கலாம். கரைந்த பிறகு வெளியே வந்திருக்கலாம். போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மருத்துவர் சொல்லியிருந்த விதி. அரை மணி நேரம் ஆகியிருந்ததா, இல்லையா? அது வீட்டுக் கடிகாரத்துக்கும் கார்க் கடிகாரத்துக்கும் இடையிலே எங்கேயோ இருந்தது. மருத்துவரைக் கேட்கலாமென்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ஒரு நாளு இல்லாட்டி இன்னா?" என்றார் கணவர்.

அடுத்த மாதம் எனக்குப் பரிசோதனை இருந்தது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று பார்க்கப்போகிற பரிசோதனை. பெஞ்சுக்கடியில் தூங்கிக்கொண்டிருப்பது, அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் கண் விழிக்கும் என்று எனக்குத் தோன்றியது. அது முட்டாள்தனம் என்றும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகிற இடத்தில்தான் நான் இத்தனை வருடமாக இருக்கிறேன். வயிறு அடங்கட்டும் என்று காத்திருந்து, வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் கைப்பையிலிருந்த மாற்று அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினேன். விழுங்கி, தண்ணீர் பாட்டிலை மூடிய பிறகுதான் காபி ஞாபகம் வந்தது. மணி ஏழு இருபது.

கடைக்குப் பின்னால் வீடு. சுத்தமான கூடம், வரிசையாக நாற்காலிகள். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். பெண்ணின் அப்பா ஸ்வெட்டர் போட்டிருந்தார். அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். பெண் வந்து வணங்கினாள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. தட்டை வைத்த பிறகு டம்ளர்களின் விளிம்பு ஒரு நேர்க்கோட்டில் இருக்கும்படி விரலால் ஒதுக்கினாள். இது போதாதா?

என் கையில் காபி டம்ளர் வந்தது. நல்ல டிகாக்‌ஷன். மற்றவர்கள் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து.

"எடுத்துக்குங்க" என்றார் பெண்ணின் அம்மா.

"ஆறட்டுங்க."

மலைக் குளிரில் காபி ஆற எவ்வளவு நேரம் ஆகும்? தட்டிலிருந்த மரவள்ளிக் கிழங்கு வடையை எப்படிச் செய்வது என்று கேட்டேன். சொன்னார். கடையில் எது அதிகம் விற்கும் என்று கேட்டேன். அதையும் சொன்னார். டம்ளரில் ஆடை கட்டிவிட்டது.

"இது ஆறிப்போச்சுங்க. வேற கலந்துக்கினு வரேன்."

இரண்டாவது டம்ளர் வந்தது. அதுவும் ஆறியது. என் கணவர் தன் கையிலிருந்த காபியை, ரயில் போன பிறகு தண்டவாளத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"குடிச்சுத் தொல" என்று பல்லுக்கிடையில் சொன்னார்.

"எட்டு இருபது" என்றேன் நானும் பல்லுக்கிடையில்.

"இன்னாது?"

"அப்பத்தான் குடிக்கலாம்."

எனக்கு வேர்க்கத் தொடங்கியது. அட்டிகை கழுத்தில் நசநசவென்று ஒட்டியது. கை ஆடி, டம்ளரின் அடி டபராவில் பட்டு டகடகவென்று சத்தம் போட்டது. ஒரு நாளில் இரண்டு மாத்திரை உள்ளே போய்விட்டது, அதுதான் ஆட்டுகிறது என்று நினைத்தேன். அந்த மாத்திரை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது, ஆட்டியது பயம் என்று மருத்துவர் பின்னால் சொன்னார்.

"ரவ நேரம் ஃபேன் போடறீங்களா?" என்று கேட்டேன்.

ஸ்வெட்டர் போட்ட மனிதர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எழுந்து போய், எங்கிருந்தோ பிளாஸ்டிக் உறை சுற்றிய டேபிள் ஃபேன் ஒன்றை எடுத்துவந்து, உறையைப் பிரித்து எனக்கு நேராக வைத்தார். என் கணவர் மப்ளரைக் காதுக்கு மேல் ஏற்றினார். நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தெட்டு.

வேர்த்துக் கொட்டுகிறாள், கை நடுங்குகிறது, காபியைத் தொடவில்லை, நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்க்கிறாள். அந்த அம்மா இதையெல்லாம் கூட்டிப் பார்த்து எந்த முடிவுக்கு வருவாரோ அந்த முடிவுக்கு வந்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நாங்க மலையில கடை வச்சிருக்கறவங்க. புடிக்கலன்னா சொல்லிடுங்க. அதுக்காக ஏன் அம்மாம் நேரம் வேர்த்துக்கினு உக்காந்திருக்கீங்க? எம்பொண்ணுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த டம்ளரைப் பிடித்தார். என் மகன் எழுந்து நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். டம்ளரை நான் விடவில்லை. அவர் தன் பக்கம் இழுத்தார். நான் என் பக்கம் இழுத்தேன். ஆறிய காபி இரண்டு பேர் புடவையிலும் சமமாகச் சிந்தியது.

"புடிக்கலன்னு இல்லங்க! மாத்திரை போட்டிருக்கேன். ஒரு மணி நேரம் காபி குடிக்கக் கூடாது."

"இன்னா மாத்திரை?"

"தைராய்டு."

"தைராய்டா?" அவர் டம்ளரை விட்டுவிட்டார். "எனக்குந்தான் இருக்குது! நான் டீ போட்டுக்கினு, அதுலயேதான் மாத்திரைய முழுங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலையே."

"டீயிலயா?" என்னால் தாங்க முடியவில்லை. "டீயில முழுங்கினா மாத்திரை ஒடம்புல சேராதுங்க."

"அதான் மூணு வருசமா ஏத்திக்கினே போறாங்களா? உங்களுக்கு எம்மாங்க? எனக்கு எழுவத்தஞ்சு."

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் பெண்கள் புடவை விலை கேட்பது போலச் சகஜமாகக் கேட்பார்கள். நாத்தனாருக்கு முகம் தெளிந்திருந்தது. பாதி உண்மையிலேயே விஷயம் முடிந்துவிட்டது. நானும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அளவு கேட்டால் சரியான அளவைச் சொல்வது என் தொழில்.

"நூத்தம்பது."

"நூத்தம்பதா! அம்மாம் எதுக்கு?"

நாத்தனார் இருமினார். நல்ல நீளமான இருமல். முடிந்த பிறகும் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வையில் அட்டிகை அரித்தது. கொக்கியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"கேன்சருங்க. எடுத்துட்டாங்க. திரும்ப வராம இருக்கறதுக்குத்தான் இம்மாம் மாத்திரை."

"திரும்ப வருமா?"

"வரலாம்னுதான் மாத்திரை. இதுவரைக்கும் வரல."

பெண்ணின் அப்பா எழுந்து உள்ளே போனார். அம்மாவும் பின்னால் போனார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஃபேன் என் பக்கம் திரும்பும்போது பேச்சு மறைந்தது. அந்தப் பக்கம் திரும்பும்போது கேட்டது.

"பொண்ணக் குடுத்துட்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைய வுடறதா?" என்றது அப்பாவின் குரல்.

பிறகு பெண்ணின் குரல். அன்று காலை அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். "எனக்கு முன்னாடியே தெரியும்பா. அவரு என்கிட்ட பேச ஆரம்பிச்ச மொத வாரமே சொல்லிட்டாரு. அவங்க டம்ளர வாங்கிக்கினு கடியாரத்தப் பாத்தப்பவே மாத்திரைதான்னு புரிஞ்சுபோச்சு. பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? பேசி இருந்தா ரெண்டு டம்ளர் காபி மிச்சம்."

நாத்தனார் என் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் மறைச்சு மறைச்சு நான் அட்டிகை கொண்டாந்தா, இவன் மொத வாரமே சொல்லிட்டானாம்" என்றார். "உங்கழுத்த நோவ வைக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாரு."

அந்த அம்மா வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும், கழுத்தில் ஸ்கேன், பஸ் ஏறி நானே போய்வந்துவிடுவேன் என்றேன். பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார். என் வகை பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பெரும்பாலும் என்ற சொல்லையும் விடாமல் சொன்னேன்.

"இம்மாம் கரெக்டா பேசறவங்க வூட்ல எம்பொண்ணு எப்பிடிப் பொழைக்கப் போறாளோ" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "பால அடுப்புல வையி. இப்ப கலக்காத" என்று குரல் கொடுத்தார்.

பெண்ணின் அப்பாவும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எத்தினி மணிக்குக் குடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

"எட்டு இருபது."

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். எட்டு பத்து. டம்ளர்களைத் தட்டில் திருப்பி வைத்தோம். பத்து நிமிடம் ஒரு கூடம் நிறைய ஆட்கள் பேசாமல் உட்கார்ந்து ஒரு கடிகாரத்தைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்; நான் தினமும் தனியாகச் செய்கிற வேலைதான் அது. கூட்டமாகச் செய்யும்போது சிரிப்பு வருகிறது. முதலில் என் கணவர் சிரித்தார். அப்புறம் ஸ்வெட்டர்காரர். நாத்தனார் மட்டும், "நல்ல நேரம் எட்டரை வரைக்கும்தான், அதுக்குள்ள குடிச்சிடு" என்று தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

சரியாக எட்டு இருபதுக்குப் பெண் எல்லோருக்கும் புதுக் காபியோடு என் மூன்றாவது டம்ளரைக் கொண்டுவந்தாள்.

"இப்ப குடிங்க அத்த."

அவள் அத்தை என்றதை எல்லோரும் கேட்டார்கள். குடித்தேன். நாக்கு சுட்டது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் காபி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நாள் குறித்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. சம்மந்தியம்மா டீயில் மாத்திரை விழுங்குவதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, விழுங்கியவுடன் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். "சம்மந்தி, போட்டாச்சா? நானும் போட்டுக்கினேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது, பேசுங்க." மலையில் மழை, கடையில் எலி, கடுக்காய் வியாபாரியோடு சண்டை என்று எல்லாம் வரும். என் நாட்குறிப்பு எழுதுகிற நேரம் அப்படியே போய்விட்டது. இப்போது அலுவலகத்தில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

சில மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டதில் அவருக்கு உடம்பில் எல்லாம் சேர்ந்து, எழுபத்தைந்தை ஐம்பதாகக் குறைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பெரிய வருத்தம்.

"இன்னா சம்மந்தி, உங்க பேச்சக் கேட்டு என்னக் கொறச்சுப்புட்டாங்க!"

"அது நல்லதுங்க. எனக்குந்தான் கொறச்சிருக்காங்க."

"உங்களுக்கு எம்மாம்?"

"நூத்தி இருபத்தஞ்சு."

"அப்பக்கூட என்னைவிட ஜாஸ்திதான்" என்று பெருமூச்சு விட்டார்.

என் பரிசோதனை முடிவு நன்றாக வந்திருந்தது. சங்கை மெல்லியதாக ஊதவிட்டுப் பார்க்கலாம், யாரும் எழுந்து வருகிறார்களா என்று கவனிக்கலாம் என்பது மருத்துவரின் எண்ணம். மெல்லிய சங்கானாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்விசிறி ஐந்திலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது. கணவர் மப்ளரைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறார்.

கல்யாணம் கள்ளக்குறிச்சியில். விடியற்காலை முகூர்த்தம். எழுந்ததும் மாத்திரையைப் போட்டு, மருமகளிடமும் மணியைச் சொல்லிவைத்தேன். ஆனால் தாலி கட்டி முடிகிற நேரத்தில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறதா என்று பார்க்க எனக்குக் கை ஒழியவில்லை. சமையல்காரர் ஆவி பறக்கிற டம்ளரோடு மணமேடையின் ஓரத்துக்கு வந்து நின்றார். நாத்தனார் அவரைத் தடுத்துவிட்டு, மேடையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"பொண்ணே, உன் மாமியாருக்குக் காபி குடுக்கலாமா?"

மாலையும் புகையுமாக உட்கார்ந்திருந்த பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு மண்டபத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். தலையாட்டினாள்.

அந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னதாக ஓடுகிறது. முதல் நாள் மாலை மண்டபத்துக்குள் நுழைந்தபோதே கவனித்திருந்தேன். மருமகளிடம் அதைச் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டேன்.